காணிக்கைப் பையில் பஞ்சு

இது நான் நேரில் கண்டதல்ல, கேட்டது. ஆறுதல்புரம் என்ற ஊரை நான் பார்த்ததில்லை. திருச்செந்தூருக்கு மேற்கே, காற்று மாதங்களில் இடம் மாறுகிற சிவப்பு மணல் தேரியின் ஓரத்தில், பனைகளுக்கு நடுவே அந்த ஊர் இருப்பதாகச் சொன்னவள் இவாஞ்சலின், சென்னையில் பெண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். தலை சீவும்போதுதான் அவளுக்குக் கதை வரும். சிக்கு விழுந்த இடத்தில் பேச்சை நிறுத்தி வாய்க்குள் ஏதோ முனகுவாள், சிக்கு விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அலுவலகத்தில் என் வேலை மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது. அந்தப் பழக்கத்தில் இந்தக் கதையையும் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, அவள் மாற்றிச் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆறுதல்புரத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். அந்தக் கோயிலில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்த ஒரு பியானோ இருந்தது. அதற்கு ஒரு பூட்டு இருந்தது, பூட்டின் சாவி சபைச் செயலாளர் பொன்னுத்துரையின் இடுப்பில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் திறந்து, ஆராதனை முடிந்ததும் பூட்டிவிடுவார். வாசிப்பவள் கெத்சியாள் டீச்சர். மலை மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு, படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்து, அப்பாவை அடக்கம் செய்த பிறகும் திரும்பிப் போகாமல் இருந்தவள்.

உலகம் முழுக்க எல்லோரும் வாசிக்கிற பெரிய பெரிய ஆட்களின் இசையைச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அவள் கை சலித்திருந்தது. யாரும் வாசிக்காததைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பசி. தேரிக்காற்று வீட்டுக்குள் மணலைக் கொட்டுகிற மத்தியானங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு, போனைக் காதோடு வைத்து, பேர் தெரியாதவர்கள் எழுதிய பியானோ இசையாகத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படித் தேடும்போது கிடைத்தவள்தான் வெர்னா ஒஸ்கால்ட். வடக்கே ஒரு குளிர்த் தீவில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து, தன் தெருக்காரர்களுக்கே தெரியாமல் இசை எழுதி, அப்படியே செத்துப்போன பெண். கிடைத்தது ஒரே ஒரு பதிவு. அதிலும் யாரோ இருமுகிறார்கள், யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். ஒரு ஸ்வரம் வந்து நிற்கும், அடுத்தது வராது என்று நாம் கைவிட்ட பிறகு அடுத்தது வரும். சில இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டும் சேர்ந்து விழும், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. கெத்சியாள் அதை முதல் தடவை கேட்டுவிட்டு மணல் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதைச் செத்துப்போவதற்குள் ஒரு தடவை, ஆட்களுக்கு முன்னால், முழுசாக வாசிக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஒஸ்கால்டின் அக்காள் மகன் ஒருவன் அந்தத் தீவில் படகு பழுது பார்க்கிறான் என்று கண்டுபிடித்து அவனுக்கு எழுதினாள். அவன் அடுக்களை மேசையில் தாள்களைப் பரப்பிப் படம் எடுத்து அனுப்பினான். படங்களின் ஓரத்தில் ரொட்டித் தூளும் காப்பிக் கோப்பை வைத்த வட்டமும் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக் கையாலேயே எழுதி எடுத்தாள். பியானோ பூட்டிக் கிடந்ததால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டைகளைச் சாக்பீஸால் வரைந்து, மாதக்கணக்காகச் சத்தமில்லாமல் பழகினாள். பொன்னுத்துரைக்கு எதிர்க்கட்சியான டீக்கடை வேதக்கண் ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மேசையில ஈ ஓட்டுதியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க அவளுக்கு ஈ டீச்சர் என்று பேர் விழுந்தது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பைகள் பெஞ்சு பெஞ்சாகப் போகிற நேரத்தில், வழக்கமான பாட்டுக்குப் பதிலாக அவள் அதை வாசிக்கத் தொடங்கினாள். முதல் ஸ்வரம் விழுந்தபோது ஊர் அது தெரியாமல் பட்ட விரல் என்று நினைத்தது, இரண்டாவது விழுந்தபோது டீச்சருக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தது, ஒட்டியிருந்த இரண்டு கட்டைகள் சேர்ந்து விழுந்தபோது தன்னைத்தான் ஏதோ சொல்கிறாள் என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். பல் கூசியது. பையில் போட எடுத்த ரூபாயைச் சிலர் திரும்ப மடக்கினார்கள். அவள் மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது பொன்னுத்துரை எழுந்து போய், அவள் விரல்கள் உள்ளே இருக்கும்போதே மூடியைச் சாத்தினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"காணிக்கை எடுத்தாச்சு டீச்சர். போதும்."

"இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்."

இருந்தது. வாசித்த வரைக்குமான ஸ்வரங்கள் எதுவும் போகவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், பியானோவைச் சுற்றி அந்தரத்தில் நின்றன. யாராவது இடித்தால் அப்போதுதான் கட்டையைத் தட்டியதுபோல ஒலித்தன, பிறகு அடங்கி அதே இடத்தில் நின்றன. கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டியார் இதைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துவந்து, வவ்வாலை விரட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் ஜன்னல் வழியே வெளியே தள்ளினார். ஒன்று மட்டும் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், முழங்கை உயரத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. மற்றவை தேரிக்காற்றில் ஊருக்குள் போய் ஆங்காங்கே தங்கின.

அதன் பிறகு ஆறுதல்புரம் அவற்றோடு வாழப் பழகியது, சண்டை போட்டபடியே பழகியது. குழாயடியில் ஒன்று நின்றது, குடத்தைத் தூக்குகிறவள் தலையில் அது பட்டதும் அடுத்தவள் "பாத்து எடுட்டி, சத்தத்துல இடிக்காத" என்று எரிந்து விழுந்தாள். ரேஷன் கடை வரிசை ஓர் இடத்தில் ஒன்றைச் சுற்றி வளைந்து போனது. வேதக்கண் டீக்கடை வாசலில் நின்றதை அவர் ஆள் வந்ததைச் சொல்லும் மணியாக வைத்துக்கொண்டு, காசு கொடுக்காமல் நழுவுகிறவர்களையும் அதை வைத்தே பிடித்தார். இரண்டு அண்ணன் தம்பி வீடுகளுக்கு நடுச்சுவரில் ஒன்று போய் உட்கார்ந்தது, அது உன்னுடையது, இல்லை உன்னுடையது என்று அவர்கள் வேட்டியை மடித்துக்கட்டித் தெருவுக்கு வந்தார்கள். கட்டைச் சத்தம் தாண்டி இடப்பக்கம், கீச்சுச் சத்தத்துக்கு எதிர்வீடு என்று வழி சொல்ல ஊர் கற்றுக்கொண்டது. ஆடுகள் சுற்றிப் போயின, நாய்கள் குரைத்தன, கைக்குழந்தைகள் மட்டும் சிரித்தன, சிரித்த குழந்தைகளைத் தாய்மார் முதுகில் ஒன்று வைத்து உள்ளே தூக்கிப்போனார்கள்.

தள்ளிவிட்ட கோயில்குட்டியாரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மூடியைச் சாத்திய பொன்னுத்துரையையும் சொல்லவில்லை. கெத்சியாளை எதிரே பார்த்தால் தோத்திரம் சொல்வதை மட்டும் ஊர் நிறுத்தியது. பால்காரி அவள் வீட்டு நடையைத் தாண்டிப் போனாள். கோயில் பண்டிகையில் ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று, சோற்று வாளி அவள் இலை வரை வந்து, அவள் இலைக்கு முன்னால் நின்று, திரும்பிப் போனது. அவள் வெறும் இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஒரு தடவை சபைக் கமிட்டிக்கு வந்து அவளே சொன்னாள். "மிச்சத்தை வாசிச்சு முடிச்சா எல்லாம் போயிரும். பாதியில நிறுத்துனதுனால நிக்கு."

"மிச்சம் எம்புட்டு இருக்கு?" என்று பொன்னுத்துரை கேட்டார்.

"வாசிச்சதைப்போல மூணு மடங்கு."

கமிட்டியில் எப்போதும் எதிர்த்துப் பேசுகிற வேதக்கண்ணே முந்திக்கொண்டு சொன்னார். "ஆத்தாடி. அதுக்கு இந்தச் சத்தத்துல இடிச்சுக்கிட்டே செத்துரலாம்."

இரண்டு கட்சியும் சேர்ந்து போட்ட ஒரே தீர்மானம் அதுதான் என்கிறாள் இவாஞ்சலின். பியானோவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார்கள். பாட்டுக்கு ஒரு கீபோர்டு வாங்கி, பொன்னுத்துரையின் தங்கை மகனை உட்காரவைத்தார்கள்.

அடுத்த ஆடி வந்தது. பொன்னுத்துரையின் மகள் சாரோனுக்குப் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பார்த்து, ஓலை வாசிக்கக் கொடுத்திருந்தார்கள். ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பார்கள், தடை சொல்ல நியாயம் இருப்பவர்கள் எழுந்து சொல்லலாம், மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் கடந்தால்தான் கல்யாணம். சாரோனுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது, சேலை எடுத்தாகிவிட்டது. ஊர் ஐயர் ஒரு வருஷமாகப் பிரசங்க மேடையில் அங்கே நின்ற ஸ்வரத்தில் இடிக்காமல் ஒருக்களித்து நிற்கப் பழகியிருந்தார். மூன்றாம் ஓலையன்று அவருக்குக் காய்ச்சல், பதிலுக்கு வேறு சேகரத்துச் சபைகளிலிருந்து வந்த ஐயருக்கு எதுவும் தெரியாது. "இவர்களுடைய விவாகத்துக்குத் தடை சொல்ல நியாயம் உள்ளவர் எவரேனும் இருந்தால் இப்போதே சொல்லக்கடவர்" என்று வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய அவர் கையைத் தூக்கியபோது முழங்கை இடித்தது. அந்த ஒற்றை ஸ்வரம் கோயில் முழுக்க நின்று ஒலித்தது.

முழங்கைதான் இடித்தது என்று சபையில் கண் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேதக்கண் எழுந்தார்.

"ஐயா, தடை கேட்டாச்சு."

"வேய், உட்காரும். முழங்கை தட்டுச்சு." என்றார் பொன்னுத்துரை.

"சொல்லக்கடவர்னு கேட்டாக. சத்தம் வந்துச்சு. ஆளு சொன்னாத்தான் தடைன்னு எங்க எழுதியிருக்கு? நீரு காட்டும்."

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வெளியூர் ஐயர் பயந்துபோய் ஓலையை மடித்து வைத்துவிட்டார். தடை சொன்னவர் வந்து தடையை எடுத்துக்கொள்ளாதவரை நாங்கள் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை ஊர்ப் பெரியவர்கள் சொல்லியனுப்பினார்கள். சாரோன் மூன்று வேளையும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஊர் அப்போதும் வேதக்கண்ணைத் திட்டவில்லை, கெத்சியாளைத்தான் திட்டியது. மண்ணை வாரி அவள் வீட்டு ஜன்னலில் எறிந்தார்கள். தேரி மண் என்பதால் காற்று கொண்டுவந்ததா ஆள் கொண்டுவந்ததா என்று சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சத்தம் போனால் தடையும் போகும் என்று பொன்னுத்துரை இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு கெத்சியாள் வீட்டுக்குப் போனார். சாக்பீஸ் கட்டைகள் அழியாமல் இருந்த அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கோயிலைத் திறந்து விடுதேன். கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையில வாசிச்சு முடிச்சிருங்க."

"ஒத்தையில வாசிக்கதுக்கு எனக்கு இந்த மேசை போதும் அண்ணாச்சி."

"பின்ன என்னதான் வேணும்?"

"எல்லாரும் வரணும். முதல்ல இருந்து வாசிப்பேன். முடியுத வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

"எம்பிள்ளை பட்டினி கிடக்கா. உங்களுக்குக் கச்சேரி கேக்குதோ?"

"அசனத்தன்னைக்கு என் இலையில சோறு விழலையே அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா? இன்னைக்கு நீங்க என்கிட்ட வந்திருக்கிய. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இது முடியுத வரைக்கும் உட்காருங்க."

அவர் சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மனதுக்குள் வேறொரு ஏற்பாட்டைச் செய்துகொண்டேதான் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஊர் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தது. பிள்ளைகள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டார்கள், இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வரிசையில் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்தார்கள். காணிக்கைப் பைகள் புறப்பட்டன. வழக்கம்போல் பெஞ்சு பெஞ்சாக, கை மாறிக் கை மாறிப் போயின. யாரும் அதில் எதையும் போடவில்லை, எடுத்தார்கள். பைக்குள் மருந்துக்கடைப் பஞ்சு இருந்தது. ஐயரும் எடுத்தார், வேதக்கண்ணும் எடுத்தார், தாய்மார் தாங்கள் எடுத்ததோடு பிள்ளைகளுக்கும் பிய்த்துக் கொடுத்தார்கள். சாரோன் தன்னுடையதைத் தானே உருட்டி வைத்துக்கொண்டாள்.

கெத்சியாள் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தப் பழைய பியானோவின் முன்பலகை முகம் தெரிகிற மாதிரி துடைத்திருந்தது. அதில் ஊர் முழுக்கத் தெரிந்தது, ஒவ்வொரு தலையிலும் இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைப் புள்ளியோடு. அவள் கொஞ்ச நேரம் கட்டைகள்மேல் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிடுவாள் என்று பொன்னுத்துரை பயந்தார். அவள் எழவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அவள் தொடங்கியதும் குழாயடியில் நின்றது கிளம்பியது, ரேஷன் கடையில் நின்றது கிளம்பியது, டீக்கடை வாசலை விட்டும் அண்ணன் தம்பி சுவரை விட்டும் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஆளில்லாத தெருக்கள் வழியே வந்து, ஜன்னல்களில் புகுந்து, தங்கள் முறை வந்தபோது தங்கள் இடத்தில் நின்று ஒலித்தன. பிரசங்க மேடையில் இருந்ததும் இறங்கி வந்தது. மூன்றாம் பக்கம் தாண்டியது. அதற்கு மேல் அந்த ஊரில் இதுவரை ஒலிக்காத பக்கங்கள். அவளும் தான் வாசித்து அவற்றை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டாள். மேசையில் பழகும்போது அவள் நினைத்துவைத்திருந்ததைவிட அவை மெதுவாக இருந்தன. ஓர் இடத்தில் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தது, கதவைத் தட்டுகிறவன் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே தட்டுகிற மாதிரி. ஊர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டையை அழுத்தி, அது தானாக அடங்கும்வரை விரலை எடுக்காமல் இருந்துவிட்டு, அவள் மூடியைச் சாத்தினாள். திரும்பி நின்றாள்.

"கேட்டவங்களுக்கு நன்றி" என்றாள்.

அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. உதடு அசைந்ததை வைத்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். சாவிகளைப் பியானோ மேல் வைத்துவிட்டு அவள் நடந்து போனாள். மத்தியான பஸ்ஸில் ஒரு பெட்டியோடு ஏறினாள்.

ஊர் பஞ்சை எடுத்தது. அந்தரத்தில் ஒரு ஸ்வரமும் இல்லை. கோயில்குட்டியார் ஒட்டடைக் கம்பை நான்கு பக்கமும் வீசிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் வாசற்படியிலேயே ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே போக வந்து, போக வழியில்லாமல், ஆளுக்கு ஒரு ஸ்வரம் காது வாசலில் நின்றிருந்தது. வெளியே இருக்கிற யாருக்கும் கேட்காது, உடையவருக்கு மட்டும் கேட்கும், ஓயாது. முதலில் எல்லோரும் பக்கத்து ஆளைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு காது டாக்டரிடம் போனார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், ஊதிப் பார்த்தார்கள். கவனம் தப்பும்போது தங்கள் ஸ்வரத்தைத் தாங்களே முனகுவது அவர்களுக்குத் தெரியவில்லை. பஞ்சு வைக்காமல் கேட்டிருந்தால் காதில் ஒன்றும் தங்கியிருக்காது என்று இவாஞ்சலின் எனக்கு விளக்கினாள். உள்ளே போனது தன் வழியில் போய்விடும், வாசலில் மறித்ததுதான் நிற்கும்.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஊரார் முன் வரிசைகளில் உட்கார்ந்திருக்க, ஐயர் பாட்டு எண்ணைச் சொல்ல, ஆறுதல்புரம் எழுந்து நின்று வாயைத் திறந்து, ஆளுக்கு ஒரே ஸ்வரத்தில் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடியது. மாப்பிள்ளையின் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். பொன்னுத்துரைக்குக் கிடைத்தது மிகக் கட்டையான ஸ்வரம். மகளுக்குத் தாலி ஏறும்போது அவர் அழுதாரா பாடினாரா என்று இன்றைக்கும் அந்த ஊரில் வழக்கு இருக்கிறது. எல்லோரும் ஒரு நாள் வரிசை தெரிந்து நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தங்களுடையதைப் பாடினால் அந்த இசை முழுசாக வந்துவிடும் என்று சொன்ன ஒரே ஆள் கோயில்குட்டியார். அதற்கு யார் முதலில் நிற்பது என்று கேட்டு இரண்டு கட்சியும் சண்டை போட்டது, பேச்சு அதோடு நின்றது.

ஏழெட்டு வருஷம் கழித்து, வெளிநாட்டில் ஒரு சின்னக் கம்பெனி ஒஸ்கால்டின் இசையைக் கெத்சியாள் வாசித்துப் பதிவாக வெளியிட்டது. பத்திரிகையில் அவள் படம் வந்தது. ஆறுதல்புரம் பஸ் நிறுத்தத்தில் 'எங்கள் மண்ணின் மகளே' என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பொன்னுத்துரை படம் ஒரு மூலையிலும் வேதக்கண் படம் மறு மூலையிலும் இருந்தன. அன்றைக்குக் கோயிலில் நான் மட்டும் பஞ்சு வைக்கவில்லை என்று இப்போது அந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்களாம். இதைச் சொல்லி இவாஞ்சலின் நெடுநேரம் சிரித்தாள்.

"எல்லாம் பொய்யி. அப்போ எனக்கு எட்டு வயசு, முன்னால பாயில இருந்தேன். எங்கம்மா பிச்சுக் குடுத்த பஞ்சைப் பாவாடைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டேன். அந்த ஊர்லேயே அதை முழுசாக் கேட்டவ நான் ஒருத்திதான் பாத்துக்க."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றாள். சிக்கு ஒன்று விழுந்தது, முனகிக்கொண்டே அதை எடுத்தாள்.

அவள் இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். போனில் குரல் செய்திகளாக அனுப்புவாள், வார்த்தை தேடுகிற இடங்களில் அதே முனகல் வரும். இந்தக் கதையை எழுதி முடித்த பிறகு, வெளியே கொடுப்பதற்கு முன், அந்தச் செய்திகளில் ஒன்றையும், பதிவோடு அந்தக் கம்பெனி அச்சிட்ட இசைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் போனேன். அவர் முனகலைக் கேட்டு ஒரு கட்டையைத் தொட்டார், இரண்டும் ஒன்றாக இருந்தன. பிறகு தாள்களை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். நான் கேட்டுக்கொண்டதால் இன்னொரு தடவையும் பார்த்தார். இவாஞ்சலின் முனகுகிற அந்த ஸ்வரம் அந்த இசையில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, கடைசிப் பக்கத்தில், கடைசியாக.